மாத்திரையை நிறுத்தியது யார்?

சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கும். எந்தப் பெண் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கினாள், யார் ஊசி போட்டுக்கொண்டாள், யார் காப்பர்-டி வைத்துக்கொண்டாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாதியில் நிறுத்தியவர்கள் பெயரும் இருக்கும்.

"ஏம்மா நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டால், பெரும்பாலும் சின்னச் சின்னப் பதில்கள்தான் வரும்.

"தலை சுற்றுகிறது, நர்சம்மா."

"மறந்துபோகிறது."

"வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்."

'வீட்டில்' என்றால் யார்? நம் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவன் செய்வதையும் சொல்ல மாட்டார்கள். 'வீட்டில்' என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சில வீடுகளில் ஓர் அடி இருக்கிறது. தலை சுற்றுகிறது, மறந்துபோகிறது என்ற பதில்களுக்குப் பின்னாலும் சில சமயம் அதே அடி இருக்கிறது.

அடி உதைக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. பல நாடுகளில் ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

அரிசிப் பானைக்குள்

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது 23. இரண்டு குழந்தைகள். சின்னதுக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை. 'இனி மூன்று வருஷத்துக்காவது வேண்டாம்' என்று நினைக்கிறாள். சுகாதார நிலையத்தில் மாலா-என் மாத்திரை வாங்கி வருகிறாள். காசு கிடையாது, இலவசம்.

ஓர் அட்டையில் 28 மாத்திரை. 21 மாத்திரை கர்ப்பத்தைத் தடுப்பது. மீதி 7 இரும்புச்சத்து மாத்திரை. தினம் ஒன்று சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விட்டுப்போனால் பலன் கெட்டுவிடும்.

தினம் ஒன்று என்றால், அந்த அட்டை தினமும் வீட்டில் இருந்தாக வேண்டும். எங்கே வைப்பது? ஒரே அறையுள்ள வீடு. அரிசிப் பானைக்குள் வைக்கிறாள்.

ஒரு நாள் கணவன் கையில் அது அகப்படுகிறது.

"எனக்குத் தெரியாமல் எதுக்குடி இது? எவனுக்காக?"

அட்டை சாக்கடைக்குப் போகிறது. கன்னத்தில் விழுகிறது. மறு மாதம் நர்சம்மா வருகிறார். பக்கத்தில் மாமியார் நிற்கிறாள். அந்தப் பெண் என்ன சொல்வாள்?

"தலை சுற்றுது, நர்சம்மா. நிறுத்திட்டேன்."

நோட்டில் 'பக்க விளைவு' என்று ஏறிவிடுகிறது. நர்சம்மாவைக் குறை சொல்ல முடியாது. சொன்னதை எழுதினார். மாத்திரையால் சிலருக்கு உண்மையிலேயே தலை சுற்றும், குமட்டும். எது மருந்தால் வந்தது, எது மனிதனால் வந்தது என்பதுதான் நோட்டில் தெரியாது.

பல நாடுகளில் பெண்களிடம் நடத்தும் கணக்கெடுப்பில் 'ஏன் நிறுத்தினீர்கள்?' என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு 'கணவர் சம்மதிக்கவில்லை' என்று ஒரு விடையும் உண்டு. எப்படிச் சம்மதிக்கவில்லை? வாயால் சொன்னாரா, கையால் சொன்னாரா? அதற்கு அந்த இடத்தில் வழியில்லை.

நூற்றுக்கு 38 பேர்

இது எங்கோ நாலு வீட்டில் நடக்கும் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம்.

2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 18 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள, மணமான பெண்களிடம் இதைப் பற்றியும் கேட்டார்கள். இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 29 பேர், கணவனிடம் அடியோ விருப்பமில்லாத உறவோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர்.

படிப்பு, ஆஸ்பத்திரி, பஸ் வசதி எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற தமிழ்நாடு, இதில் நாட்டின் சராசரியைவிட மோசம்! கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய கணக்கு இது.

அந்தக் கேள்வியை அவர்கள் கேட்ட விதம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்பார்கள். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. நடுவில் யாராவது உள்ளே வந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். தனிமை கிடைக்கவே இல்லையென்றால் அந்தக் கேள்விகளையே விட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டதால்தான் உண்மை வந்தது. மாமியார் முன்னால் கேட்டிருந்தால், இங்கேயும் 'தலை சுற்றுது' என்றுதான் வந்திருக்கும்.

அடிபட்டவர்களில் யாரிடமாவது உதவி கேட்டுப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான்.

நாலு மாநிலங்களில் பார்த்தது

1998-99ல் இதே போன்ற ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதில் பேசிய பெண்களில் ஒரு பகுதியினரை 2002-03ல் மறுபடியும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பீகார், ஜார்க்கண்ட், மராட்டியம், தமிழ்நாடு ஆகிய நாலு மாநிலங்களின் கிராமத்துப் பெண்கள் அவர்கள். இடையில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஆராய்ச்சியின் முடிவு 2008ல் வெளியாயிற்று.

கணவனிடம் அடிபட்ட பெண்கள், கர்ப்பத்தடை முறைகளை மேற்கொள்வது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. வேண்டாத கர்ப்பம் அவர்களுக்கு அதிகமாக இருந்தது.

அதாவது, குழந்தை வேண்டாம் என்ற எண்ணம் மனதில் இருந்தது. அதை நடத்திக்கொள்ளும் சக்தி கையில் இல்லை.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டிலும், 2013ம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2020ல் அது வெளிவந்தது. கர்ப்பத்தடையைப் பாதியில் விட்டவர்கள், அடிபடாதவர்களைவிட அடிபட்டவர்களிலேயே அதிகமாக இருந்தார்கள்.

இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளை வைத்து 2009ல் வந்த ஓர் ஆராய்ச்சி, நேர்மாறாகச் சொன்னது. அங்கே அடிபட்ட பெண்கள்தான் கர்ப்பத்தடையை அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள்! யோசித்தால் இதுவும் விளங்கும். இப்படிப்பட்டவனுக்கு இன்னொரு குழந்தை பெறுவதா என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றாதா? தோன்றும். ஆனால் தொடங்குவது வேறு. தொடர்வது வேறு. தொடங்க ஒரு நாள் துணிச்சல் போதும். தொடர்வதற்கு மாதக் கணக்கில் பயமில்லாத வீடு வேண்டும்.

சந்தேகம்

அடிக்கிற எல்லாக் கணவன்மாரும் மாத்திரையைப் பிடுங்கி எறிவதில்லை. பல வீடுகளில் எறிய வேண்டிய தேவையே வருவதில்லை.

வேலைக்குப் போய் வர அரை மணி தாமதமானால் கேள்வி. பக்கத்து வீட்டில் நின்று பேசினால் கேள்வி. கையில் பத்து ரூபாய் இருந்தால் கணக்கு. இப்படி ஒரு வீட்டில், சுகாதார நிலையத்துக்குப் போவதே ஒரு பெரிய காரியம். போன வாரம் அடிபட்ட தழும்பு முகத்தில் இருக்கிறது. பஸ் ஏறிப் போய் நாலு பேர் நடுவில் எப்படி உட்காருவாள்? இந்தத் தடவை விட்டுப்போகிறது. அடுத்த தடவை, 'ஏன் வரவில்லை' என்று நர்சம்மா கேட்பாரே என்று வெட்கம். அதோடு சரி.

சந்தேகம்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. கர்ப்பம் தரிக்காமல் இருக்க மருந்து சாப்பிடும் பெண், 'தப்பு' செய்தாலும் பிடிபட மாட்டாள் என்று ஓர் எண்ணம் சில ஆண்கள் மனதில் இருக்கிறது. இரண்டு குழந்தைகளை வளர்க்கவே திண்டாடுகிறவள் செய்த ஏற்பாடு, அவன் கண்ணுக்கு வேறு விதமாகத் தெரிகிறது. மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தால், வீட்டை விட்டுப் போய்விட மாட்டாள் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு.

அப்புறம் இரவு நேரம். குடித்துவிட்டு வருகிறவனிடம் 'ஆணுறை போட்டுக்கொள்' என்று யார் சொல்ல முடியும்? மறுக்கவே முடியாத இடத்தில் நிபந்தனை போட முடியுமா?

மறதியும் பொய்யில்லை. இரவெல்லாம் தூங்காமல் அழுதவளுக்குக் காலையில் மாத்திரை ஞாபகம் இருக்காது. அதை 'கவனக்குறைவு' என்று சொல்வது எளிது.

பெண்ணே தானாக நிறுத்துவதும் உண்டு. ஒரு பையன் பிறந்தால் இவர் திருந்திவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அம்மாவும் அதைத்தான் சொல்வாள், மாமியாரும் அதைத்தான் சொல்வாள். பையன் பிறந்த பிறகு அடி நின்ற வீடு எத்தனை என்று அவர்களையே கேட்க வேண்டும். கர்ப்பமாய் இருக்கும்போதே அடிபடுகிற பெண்கள் இருக்கிறார்கள். 2019-21 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3 பேர் அப்படிச் சொன்னார்கள். வயிற்றில் அடிபட்டால் கரு கலையலாம். பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம்.

எதை ஒளிக்கலாம்?

மாத்திரை அட்டை கண்ணில் படும். ஆணுறை கணவன் கையில்தான் இருக்கிறது. மற்றவை எப்படி?

ஊசி ஒன்று உண்டு. 'அந்தரா' என்ற பெயரில் 2017ல் அரசாங்கம் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டால் போதும். வீட்டில் மருந்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலும் ஒரு சங்கடம். ஊசி போட்டவர்களுக்கு மாதவிலக்கு முன்பின்னாக வரும். சிலருக்கு நின்றே போகும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மாதாமாதம் கவனிக்கிற கணவனோ மாமியாரோ வீட்டில் இருந்தால்? அடுத்த ஊசிக்கு வர வேண்டிய தேதி எழுதிய அட்டையும் கையில் இருக்கும். ஒளித்து வைக்க வேண்டிய பொருள் மறுபடியும் ஒன்று!

காப்பர்-டி உடம்புக்குள் இருப்பது. ஒரு வகை 5 வருஷம், இன்னொரு வகை 10 வருஷம் பலன் தரும். அதன் நுனியில் மெல்லிய நூல் உண்டு. சில கணவன்மாருக்கு அது தட்டுப்படும். அதைப் பிடித்து இழுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். கேட்கவே கூசுகிறது. ஆனால் நடக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 2013ல் தன் டாக்டர்களுக்கு ஒரு யோசனை சொன்னது. ஆபத்தான வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு, அந்த நூலை வெளியே தெரியாதபடி கத்தரித்து வைக்கலாம். அவசர மாத்திரை கொடுத்தால், மருந்தின் பெயர் தெரியாத வெறும் உறையில் போட்டுக் கொடுக்கலாம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒரு கத்தரிக்கோலும் ஒரு வெள்ளைக் கவரும்தான்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெண்கள் ஆபரேஷனை நாடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு தடவை செய்தால் தீர்ந்தது என்பது அதில் பெரிய காரணம். தினம் தினம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இடைவெளி வேண்டும் என்கிறவளுக்கு ஆபரேஷன் உதவாது. அவளுக்கு மாத்திரையோ ஊசியோ காப்பர்-டியோதான் வழி. அடி விழுகிற வீட்டில் நிலைக்காமல் போவது அவைதான்.

ஒளித்தால் தீர்ந்ததா?

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா என்று ஒரு நாடு. அங்கே ஒரு சோதனை செய்தார்கள். 2014ல் முடிவு வெளிவந்தது. கர்ப்பத்தடை உதவி பெறுவதற்கான வாய்ப்பைச் சில பெண்களுக்குக் கணவன் முன்னிலையில் கொடுத்தார்கள். சிலருக்குத் தனியாகக் கொடுத்தார்கள்.

கணவனோடு சேர்த்துக் கொடுத்தபோது, உதவி தேடி வந்தவர்கள் 19 சதவீதம் குறைந்தார்கள். வெளியே தெரியாத முறைகளை மேற்கொண்டவர்கள் 25 சதவீதம் குறைந்தார்கள். குழந்தை பெற்றவர்கள் 27 சதவீதம் அதிகமானார்கள்.

அப்படியானால் தனியாகக் கொடுப்பதே நல்லது என்று தோன்றும். ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. தனியாக வாங்கிக்கொண்ட பெண்களுக்கு மன நிம்மதி குறைவாக இருந்தது. கட்டியவனிடம் ஒரு விஷயத்தை நாள்தோறும் மறைத்து வாழ்வது லேசான காரியமா? குழந்தை தள்ளிப்போயிற்று. பயம் போகவில்லை.

கேட்டால் சொல்வார்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் வட பகுதியில், ஐந்து குடும்ப நல நிலையங்களுக்கு வந்த சுமார் 1,300 இளம் பெண்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். 2010ல் முடிவு வந்தது. நூற்றுக்கு 15 பேர், 'என்னோடு இருப்பவர் என் கர்ப்பத்தடையை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்' என்றார்கள். மாத்திரையை ஒளிப்பது, உறையைக் கிழிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. பணக்கார நாட்டிலும் இதே கதைதான்.

பிறகு அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், எல்லோரிடமும் கேட்பதுபோல் இதையும் கேட்பது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறு அட்டை கொடுப்பது. வீட்டில் தொல்லை இருந்தால் எந்த முறை தோதுப்படும், யாரிடம் போகலாம் என்று அதில் இருக்கும். 2011ல் வெளியான முடிவுப்படி, அண்மையில் அடிபட்டிருந்த பெண்களிடம் 'கர்ப்பம் தரித்தே ஆக வேண்டும்' என்ற வற்புறுத்தல் பெரிதும் குறைந்திருந்தது.

நம் ஊரில் இதற்கு முதல் இடைஞ்சல், கூட வருகிறவர்கள். நர்சம்மா வீட்டுக்கு வந்தால் மாமியார் நிற்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கணவன் நிற்கிறான். எடை பார்க்கும் இடத்திலாவது அந்தப் பெண்ணை இரண்டு நிமிஷம் தனியாக அழைத்துக் கேட்டால் போதும். இதற்குப் பணம் செலவில்லை.

ஆண்களிடம் பேசினார்கள்

மராட்டியத்தில் தானே மாவட்டத்துக் கிராமங்களில் வேறு வழியைப் பிடித்தார்கள். பெண்ணை மட்டும் கேட்டால் போதாது, கணவனிடமே பேசுவோம் என்றார்கள். 18 முதல் 30 வயது வரை உள்ள இளம் கணவன்மார்கள். அவர்களும் மனைவியருமாக 1,081 ஜோடிகள். இவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் உள்ள ஆண்களிடம், கிராமத்தில் வைத்தியம் பார்க்கும் ஆண்களே உட்கார்ந்து பேசினார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார்கள். மனைவியை மதிப்பது பற்றியும் பேசினார்கள். மனைவியையும் கூட வைத்து ஒரு தடவை பேசினார்கள்.

2016ல் முடிவு வந்தது. அந்தப் பிரிவில் 9 மாதம் கழித்துப் பார்த்தபோதும், 18 மாதம் கழித்துப் பார்த்தபோதும், கர்ப்பத்தடையைப் பயன்படுத்துவது மற்றப் பிரிவைவிட அதிகமாக இருந்தது. 18 மாதத்தில், விருப்பமில்லாத உறவுக்குக் கணவன் வற்புறுத்துகிறான் என்று சொன்ன பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் சொன்னால் ஆண் கேட்கிறான் என்பது கொஞ்சம் கசப்பான உண்மைதான். இருந்தாலும் பலன் கிடைத்தது.

ஆனால் இதை எல்லா வீட்டுக்கும் பொருத்தக் கூடாது. அடி பலமாக விழுகிற வீட்டில், பெண்ணைக் கேட்காமல் யாராவது போய்க் கணவனிடம் 'உன் மனைவி மாத்திரை சாப்பிடுகிறாள்' என்று பேச்செடுத்தால், அன்று இரவு அவள் பாடு என்ன ஆகும்? அவள் சம்மதம்தான் முதலில்.

கையெழுத்து யாருடையது?

கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவன் கையெழுத்து வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டாம். மத்திய அரசின் விதிமுறைப்படி, ஆபரேஷன் செய்துகொள்பவரின் சம்மதம் போதும். கருக்கலைப்புக்கும் அப்படித்தான். 18 வயது நிரம்பிய பெண்ணாக இருந்தால் அவள் சம்மதம் மட்டுமே சட்டத்தில் கேட்கப்படுகிறது. 2022ம் ஆண்டு செப்டம்பர் 29ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவனின் கட்டாயத்தால் உண்டான கர்ப்பத்தையும், கருக்கலைப்புச் சட்டத்தின் காரியத்துக்கு, பலாத்காரத்தால் வந்த கர்ப்பமாகவே கருத வேண்டும் என்றது. குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும் என்று டாக்டர்கள் கேட்கக் கூடாது என்றும் சொன்னது.

அடிக்கும் கணவனிடமிருந்து பாதுகாப்புக் கேட்க, 2005ல் இயற்றிய குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 2006ம் ஆண்டு அக்டோபர் 26ந் தேதி முதல் அது நடப்பில் உள்ளது. இதற்கென்று பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். 181 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் டெலிபோன் செய்யலாம்.

பாதியில் விட்டவர்கள் திரும்பத் தொடங்குவதற்கும் வழி உண்டு. அந்தரா ஊசிக்குக் குறித்த தேதியில் வீட்டை விட்டு வர முடியாமல் போனால், அதற்குப் பின் 4 வாரம் வரையிலும் போய்ப் போட்டுக்கொள்ளலாம். மாத்திரை அட்டை பறிபோன சமயத்தில் உறவு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய அவசர மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. பால் கொடுக்கும் தாய்க்கு எந்த மாத்திரை ஏற்றது என்பது குழந்தையின் வயதைப் பொறுத்தது. அதை நர்சம்மாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால், "குழந்தைக்குத் தடுப்பூசி எப்போது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடலாம்.